வாக்குத்தத்த அட்டையும் வந்து சேர்ந்த பாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் கோவிலில் (சர்ச்சில்) ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது வரும் வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஒரு வேதவசனம் எழுதின சின்ன அட்டைகளை, குப்புறப் போட்டு வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். தாமிரபரணிக் கரையில் பாளையங்கோட்டைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது ஒவ்வொரு முகத்திலும் வருகிற வெளிச்சத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அப்புறம் வருஷம் நடக்கிறது. பங்குனி பிறப்பதற்குள் அந்த அட்டையோடு யாராவது என் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், இப்படி எழுதியிருக்கு, எனக்கு இப்படி நடந்திருக்கே?" என்று கேட்பார்கள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறேன். வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. நடையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பஸ்ஸிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் இங்கே இருக்கின்றன. பதிலில் வரும் வசனங்கள் நாம் கோவிலில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

புத்தாண்டில் எடுத்த வசனம் நடக்கவில்லை. அப்படியானால் அது எனக்கான வாக்கு இல்லையா?

என் கதையைச் சொன்னால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் ஆரம்பித்த வருஷம், நான் எடுத்த அட்டையில் சங்கீதம் 41:3 இருந்தது: "படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார், அவனுடைய வியாதியிலே அவனுடைய படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்." வாசித்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். சுகம் நிச்சயம் என்று நினைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை காலை ஐந்தரை மணி பஸ். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம் என்பதால் ஒரு சின்ன டம்ளரை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தேன். பார்க்க வருகிறவர்கள் ஆசையாக இளநீர் கொண்டு வருவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் போனவருக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பி அனுப்பும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க முடியாது. மூன்று வருஷம் இப்படிப் போனது. நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் பல மாதம் அந்தச் சங்கீதத்தின் பக்கத்தையே நான் திருப்பவில்லை. திருப்பிய நாளில், இத்தனை நாள் நான் வாசிக்காத வார்த்தை எழுதினபடியே அங்கே இருந்தது. "தாங்குவார்" என்றுதான் போட்டிருக்கிறது. "எழுப்பிவிடுவார்" என்று நானாக வாசித்திருந்தேன். அந்த மூன்று வருஷமும் தினமும் காலையில் என் மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவரைப் புரட்டி விரிப்பை மாற்றுவோம். மகன் வேலைக்குப் போன நாட்களில் எதிர்வீட்டு மைனி வந்து பிடிப்பாள். அவள் அம்மன் கோவிலுக்குப் போகிறவள். எங்கள் வேதாகமத்தை ஒரு நாளும் திறந்தவள் இல்லை. "படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்" என்ற வரி அவள் கையாலும் நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது எனக்கு முழு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. அவர் இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் ஆசை. ஆனால் கர்த்தர் சொன்னதைச் செய்யவில்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. அவர் சொல்லாத ஒன்றை நான் அவர் கணக்கில் எழுதியிருந்தேன். அதனால் அட்டையோடு யார் வந்தாலும் முதலில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்கிறேன். அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம். அந்த வரி யாரிடம், எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அதிகாரத்தில்தான் இருக்கும்.

விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் இப்படி ஆனது என்கிறார்கள். மறைவான பாவம் இருக்கும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

இதைச் சொன்னவர் உங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்து உட்கார்ந்த யோபுவிடம் அவன் நண்பர்கள் இதையேதான் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களிடம் சொன்னது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று.

பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படி அல்ல என்று அவரே பதிலும் சொன்னார். அப்போஸ்தலன் பவுல், தன்கூட வந்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். எத்தனையோ பேருக்குச் சுகம் கிடைக்க ஜெபித்தவர் பவுல். அவர் கூட்டாளிக்குக் கிடைக்கவில்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் எழுதவில்லை.

குடி, கடன், சண்டை என்று நம் செய்கையால் வருகிற பாடுகளும் உண்டு, அது வேறு. அதை உங்கள் மனசாட்சியே சொல்லும். சொல்லாதபோது தோண்டித் தோண்டித் தேட வேண்டாம்.

மகனுக்கு இன்ஜினியரிங் முடித்து நாலு வருஷமாக வேலை இல்லை. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11 எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எத்தனை நாள் காத்திருப்பது?

திருநெல்வேலிச் சீமையில் இந்த வசனம் தொங்காத கிறிஸ்தவ வீடு குறைவு. இது பாபிலோனுக்குச் சிறைபோன ஜனத்துக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிற வரி. இதற்கு முந்தைய வசனத்தையும் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். எரேமியா அவர்களுக்குச் சொன்ன வேலை என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் அனனியா. அவன் கள்ளத்தீர்க்கதரிசி. அது முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது.

உங்கள் மகனுக்கு எழுபது வருஷம் என்று நான் சொல்லவில்லை! காத்திருக்கிற நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்கிறேன். கிடைக்கிற வேலைக்குப் போகட்டும். கருப்பட்டி வியாபாரமோ கம்ப்யூட்டர் சென்டரோ எதுவானாலும் அது விசுவாசக் குறைவு ஆகாது. தயவுசெய்து "உனக்காகத்தான் ஜெபிக்கிறேன்" என்பதை அவன் சாப்பிடும்போது சொல்லாதீர்கள். அந்தப் பையன்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

2023 வெள்ளத்தில் எங்கள் வீடு போனது. "நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை" என்று ஏசாயா 43-ல் இருக்கிறதே. எங்கள் மேல் ஆறு புரண்டதே?

புரண்டது. அதை நான் மறுக்க மாட்டேன். டிசம்பர் 17-ம் 18-ம் தேதி பெய்த மழையைப் பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. பரணில் ஏற்ற முடிந்ததை ஏற்றினோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் வேதாகமத்தை மறந்துவிட்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு அதை மாடியில் வைத்து, தாள் தாளாகப் பிரித்து, இடையிடையே பழைய செய்தித்தாளைச் செருகிக் காயவைத்தேன். நாலு நாள் ஆனது. சங்கீதம் 41-ல் நான் வைத்திருந்த அந்தப் பழைய அட்டை பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தாள் கிழியும் என்று அப்படியே விட்டுவிட்டேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஏசாயா யாருக்கு எழுதினார் என்று பார்த்தால், எருசலேமே எரிந்து, நாடு இழந்து அடிமையாய்ப் போன ஜனத்துக்கு. "கடக்கும்போது" என்கிறார். "கடக்க நேராது" என்று சொல்லவில்லை. தண்ணீர் உண்டு, அக்கினியும் உண்டு, நடுவில் "நான் உன்னோடு இருப்பேன்" உண்டு. ஜனம் அழிந்துபோகாது என்பதே அந்த வாக்கு. அதற்காகத் தனி ஆள் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரும் நிற்கும் என்று அதில் எழுதவில்லை. வீடு இழந்தவருக்கு இந்த விளக்கம் பசிக்குச் சோறு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

சோறு வேறு வழியில் வந்தது. அந்த நாளில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டது, ஏறத்தாழ 800 பேரோடு. சுற்றிலும் வெள்ளம். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளே நனைந்து கிடக்கும்போது, இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கோவில் வளாகத்தில்தான் மூன்று ராத்திரி எல்லாரும் படுத்தோம். எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே பாயில் என் பக்கத்தில் எதிர்வீட்டு மைனி. அவள் பேத்திக்குக் காய்ச்சல். விடிய விடிய மாற்றி மாற்றி ஈரத்துணி போட்டோம். "நான் உன்னோடு இருப்பேன்" என்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை. சேறு வாரிய தரையில் நின்றுதான் கீர்த்தனை பாடினோம். பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிப் பாட முடியவில்லை.

கொரோனாவில் அம்மா போய்விட்டாள். தினமும் சங்கீதம் 91 சொன்னவள். "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்பதற்கு என்ன அர்த்தம்?

இதே சங்கீதத்தை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் சாத்தான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்றான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை நம்பாததால் அல்ல. அதைச் சோதித்துப் பார்க்கிற சீட்டாக ஆக்க அவருக்குச் சம்மதமில்லை. பிறகு அவர் சிலுவைக்குப் போனார். யாரும் ஏந்திக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவர் உயிர்த்தெழும் வரைக்கும் அந்தச் சங்கீதம் பொய் போலத்தான் இருந்தது.

அதே சங்கீதத்தில் 15-ம் வசனத்தை வாசியுங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்து வராது என்றால் அந்த வரிக்கு வேலையே இல்லை. உங்கள் அம்மா தினமும் சொன்னது வீண்போகவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைக்கூட உள்ளே விடாத அந்த நாட்களில், மனப்பாடமாகச் சொல்ல அவளுக்கு ஒரு சங்கீதம் இருந்தது.

கடவுள்மேல் கோபப்படலாமா? எங்கள் பாட்டி பாவம் என்பாள்.

பாட்டி பயபக்தியில் சொல்கிறார்கள், மதிக்கிறேன். ஆனால் சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் சங்கீதங்கள் எத்தனை என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் துதியே இல்லை. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சண்டை போடுகிறவன் இன்னும் பேச்சை நிறுத்தவில்லை. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் எனக்குப் பயம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஜெபத்தில் சுகம் கிடைத்தது, சாட்சி சொன்னார்கள். எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. கேட்கவே வலிக்கிறது.

அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் ஏரோது ராஜா இயேசுவின் சீஷன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அடுத்துப் பேதுருவைப் பிடித்தான். பேதுருவைத் தூதன் வந்து சிறையிலிருந்து வெளியே கொண்டுபோனான். சபை இருவருக்காகவும்தான் அழுதிருக்கும். யாக்கோபின் தாய் பேதுரு கதவைத் தட்டிய செய்தியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பாள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஏன் ஒருவருக்கு வாள், ஒருவருக்குத் தூதன் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

சாட்சி நேரத்தில் எழுந்து வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் போய்விட்டு வாருங்கள். சாட்சி சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "நான் விசுவாசித்தேன், அதனால் கிடைத்தது" என்று முடிக்க வேண்டாம். பின்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசுங்கள்.

ஜெபிக்கிறோம் அல்லவா, மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. நிறுத்தச் சொன்னவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய மேடையில் நின்றாலும் கூடாது. இன்சுலின், பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே மருந்துபோலக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார்.

நகையைக் காணிக்கையாகக் கொடுத்தால் தடை நீங்கும் என்கிறார் ஒரு ஊழியக்காரர்.

நகை உங்களிடமே இருக்கட்டும். கர்த்தருடைய வாக்குக்கு விலை கிடையாது.

நம் ஊர்ப் பழைய விசுவாசிகள் இப்படிப் பாடு பட்டிருக்கிறார்களா?

அவர்கள் பட்ட பாட்டின்மேல்தான் நம் சபைகள் நிற்கின்றன. சாத்தான்குளம் பக்கத்து முதலூர் 1799-ல் உண்டானது எப்படி? கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க விடாமல் துரத்தப்பட்டவர்களை உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் ஒரு நிலத்தில் குடியேற்றினார். அதற்கப்புறமும் தொல்லை நிற்கவில்லை. அவரும் இளவயதிலேயே இறந்தார். விஷம் வைத்தார்கள் என்று அந்தப் பக்கத்துச் சபைகளில் இன்றும் சொல்வார்கள். இன்றைக்கு முதலூரில் நிற்கிற பெரிய கோவிலை அவர் பார்க்கவில்லை. எபிரெயர் 11-ல் இருக்கிறதே, வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல் தூரத்திலே கண்டார்கள் என்று, அந்த வரியை வாசிக்கும்போது எனக்கு முதலூர்தான் கண்ணில் வரும்.

இந்தச் சீமையின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: சமாதானபுரம், ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம். பஸ் போர்டில் பார்த்துப் பழகிவிட்டோம். செம்மண்ணும் பனையும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ஆசீர்வாதபுரம் என்று பெயர் வைக்க எவ்வளவு நெஞ்சு வேண்டும்!

டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? களக்காட்டுக்குப் பக்கம், மலையடிவாரம். 1901-ல் அங்கே வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் எத்தனையோ பெண்குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான் இருந்தார். சுகத்துக்காக அங்கே ஜெபிக்காதவர்கள் இருந்திருப்பார்களா? படுத்தபடியே எழுதினார், படுத்தபடியே பிள்ளைகளைப் பார்த்தார். அவர் கேட்டபடி கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது?

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே அதுதான் நல்ல காரியம். எட்டாம் நாள் வாயைத் திறந்துதான் கெடுத்தார்கள்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற ரோமர் 8:28 சத்தியம்தான். அதை முதல் நாள் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்டவர் தானாக அதைச் சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்வோம். செத்துப்போன லாசரு எழும்பப்போவது தெரிந்தும் இயேசு அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து அழுதார். பிரசங்கத்தை விட்டுவிட்டு ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோங்கள். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். முப்பதாம் நாள் முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள். நாற்பதாம் நாள் போங்கள்.

என் ஏழு வயது மகள், "அப்பாவுக்காகத் தினமும் ஜெபம் பண்ணினேனே, ஏன் இயேசப்பா கேட்கலை?" என்கிறாள்.

"அம்மாவுக்கும் தெரியலை குட்டி" என்று சொல்லுங்கள். அப்பாவை இயேசப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்க் கூட்டிக்கொண்டார் என்று மட்டும் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கு இயேசுவிடமே பயம் வந்துவிடும். அவள் அழும்போது கூட அழுங்கள். அப்பாவை மறுபடியும் பார்ப்போம் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு, அதைச் சொல்லுங்கள். அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டதுபோலப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் அடைத்துக்கொள்கிறது. என்ன செய்ய?

வார்த்தை இல்லாமல் முழங்காலில் இருங்கள். நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அது உங்களைப் போன்றவர்களுக்காக எழுதினது. முழங்கால் போடவும் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து பின்பெஞ்சில் உட்காருங்கள். எங்கள் பாமாலையை நாங்கள் பாடுகிறோம், நீங்கள் பாட வேண்டாம். கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது "எங்கள்" என்றுதான் சொல்கிறோம். அதில் உங்கள் பங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் நான் ஏழு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்வரிசைப் பெரியம்மா ஒருத்தி, காது சரியாகக் கேட்காது, பாட்டை எப்போதும் ஒரு அடி தள்ளித்தான் பாடுவாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு ஞாயிறு நானும் மெதுவாக வாயைத் திறந்தேன். உங்களையும் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். என் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஜன்னல் ஓரம், காற்று வரும்.